அஷ்டமியில் பார்த்த இடம்

அந்தமானில் எனக்கு இடம் காட்டிய அக்கா, எங்கே கூட்டிப் போனாலும் அந்த இடத்தின் குறையைத்தான் முதலில் சொல்வார். ஒரு வீட்டுத் தரகர் இப்படிப் பேசினால் ஒரே மாதத்தில் தொழிலை மூட்டை கட்டிவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். அக்கா என்னவோ அதையே தொழிலாக வைத்திருந்தார்.

அப்போது நான் சினிமாவில் லொக்கேஷன் மேனேஜர். கதைக்கு ஏற்ற இடத்தைத் தேடிப் பிடிப்பது, அதற்கு அனுமதி வாங்குவது, யூனிட் வந்து இறங்கினால் தண்ணீர் முதல் கழிப்பறை வரை பார்த்துக்கொள்வது என் வேலை. சுனாமி வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. ஒரு காதல் பாட்டை அந்தமானில் எடுக்கலாம் என்று எங்கள் டைரக்டருக்குத் தோன்றியதும், அவருக்கு முன்னால் போய் நாலு இடம் பார்த்துவைக்க என்னை விமானம் ஏற்றினார்கள். போர்ட் பிளேயரில் இறங்கி வாசலுக்கு வந்தால், கையில் பிளாஸ்டிக் வயர் கூடையோடு ஓர் அம்மா. நூல் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. வயது நாற்பத்தைந்து இருக்கும். வணக்கம் இல்லை, வாங்க இல்லை. எடுத்த எடுப்பிலேயே சொன்னார்:

"தம்பி, நீங்க அனுப்பின பேப்பரைப் பார்த்தேன். ஆறு மணிக்கு சூரியன் மறையுதுன்னு போட்டிருக்கீங்க. இங்க அஞ்சேகாலுக்கே போயிரும். ஆறு மணிக்குக் கேமராவைத் திருப்பினா கறுப்பாத்தான் வரும்."

"ஏங்க, எங்க ஊர்ல ஆறு மணிக்குப் போற சூரியன் இங்க மட்டும் என்ன, அரை நாள் லீவு போட்டுட்டுப் போகுதா?" என்றேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் இருந்த காலம் அது. ஒரு பெண்பிள்ளை வந்து என் ஷெட்யூலில் கை வைப்பதா?

"நாங்க கிழக்கால இருக்கம்ல" என்றார், சிரிக்காமல்.

அன்று சாயங்காலம் ஷாதிபூரில் லாட்ஜ் மாடியில் நின்று பார்த்தேன். அஞ்சேகாலுக்குச் சூரியன் இறங்கிவிட்டது. ஆறு மணிக்குத் தெருவிளக்கு எரிந்தது. ராத்திரியோடு ராத்திரியாக மொத்த ஷெட்யூலையும் மாற்றி எழுதினேன். அந்த ஒரு வரியை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் யூனிட் வந்த முதல் நாளே என் மானம் கப்பல் ஏறியிருக்கும். நன்றி சொன்னேனா? சொல்லவில்லை. ‘ஏதோ தெரிஞ்சிருக்கு’ என்று மனசுக்குள் முனகியதோடு சரி.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "எங்க தோட்டத்துல அதே பேர்ல நாலு பேர் இருந்தாங்க தம்பி, அதுல யாருன்னு படிக்கிறவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்று அதிலும் ஒரு குறை கண்டுபிடிப்பார்.

தோட்டம் என்றால் நிக்கோபாரில் கச்சால் தீவு. இவருடைய அப்பா அம்மா இலங்கை மலையில் கொழுந்து பறித்தவர்கள். அங்கிருந்து அனுப்பப்பட்டு, கச்சாலில் ரப்பர் பால் எடுக்கக் குடியமர்த்தப்பட்டவர்கள். சுனாமிக்குப் பிறகு கப்பலேறி போர்ட் பிளேயருக்கு வந்து, டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் தம்பி வீட்டோடு இருந்தார். நிவாரண வேலைக்கு வந்த மெயின்லேண்ட் ஆட்களை அழிந்துபோன இடங்களுக்குக் கூட்டிப் போனது முதல் உத்தியோகம். அவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனதும் சினிமாக்காரர்கள் வர ஆரம்பித்தோம். "முன்னாடி இடிஞ்ச இடத்தைக் காட்டுங்கன்னாங்க, இப்ப நல்ல இடத்தைக் காட்டுங்கங்கிறாங்க. ரெண்டு பேரும் பாக்கிறது ஒரே இடம்தான்" என்பார். கச்சாலைப் பற்றி நான் கிளறியபோதெல்லாம், "சரியான மழை பெய்யும் அங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை.

அவரிடம் ஒரு பழக்கம். கடற்கரையில் ஜீப்பை நிறுத்தினால் நாங்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கடலைப் பார்ப்போம். அவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மேடு எங்கே, ரோடு எங்கே, எத்தனை நிமிஷ நடை என்றெல்லாம் கண்ணாலேயே அளப்பார். கடல் பிடிக்காதோ என்று நினைத்தேன்.

டைரக்டர் வந்தார். வந்த நாள் அஷ்டமி. எங்கள் தயாரிப்பாளர் அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் எதையும் தொடமாட்டார். பூஜை, படப்பிடிப்பு எல்லாம் பஞ்சாங்கம் பார்த்து, ஜோசியர் தலையசைத்த பிறகுதான். இடம் பார்ப்பது அவர் கணக்கில் நல்ல காரியத்தில் சேர்த்தி இல்லை. வேறெதற்கும் உதவாத நாட்களில் எங்களை ஊர் ஊராகத் துரத்திவிடுவார். பாட்டு எடுப்பதற்கு மட்டும் மூன்று வாரம் கழித்து வரும் பௌர்ணமியைக் குறித்துக் கொடுத்திருந்தார்.

முதல் நாள் ராஸ் தீவுக்குப் போனோம். வெள்ளைக்காரன் கட்டிய செங்கல் சுவர்களை ஆலமர வேர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். டைரக்டர் அதைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். "இங்கதான்யா ஹீரோயின் ஓடி வர்றா" என்றார்.

"சார், குறையைச் சொல்லிர்றேன்" என்றார் அக்கா. "சாயங்காலம் கடைசி போட்டை விட்டா இங்க யாரும் தங்கக் கூடாது. சுவர்ல ஆணி அடிக்க விடமாட்டாங்க, அது நியாயம்தான். அப்புறம் இந்த மானுங்க. கையில எது இருந்தாலும் வந்து பிடுங்கும். போன வருஷம் வந்தவங்களோட வசனப் பேப்பரைத் தின்னுட்டுது."

டைரக்டரின் கை தானாகக் கீழே இறங்கியது.

அடுத்து வைப்பர் தீவு. மேட்டின் மேல் சிவப்புக் கட்டடம், சுற்றிலும் கடல். டைரக்டர் கண்ணை மூடி டியூனை முணுமுணுக்க ஆரம்பித்தார். அக்கா குறுக்கே வந்தார். "சார், அது தூக்குமேடை. அங்க ஆளுங்களைத் தொங்கவிட்டிருக்காங்க. பாட்டுக்கு வேணாம்." டியூன் நின்றுபோனது.

நகரத்தில் ஒரு பூங்கா பார்த்தோம். கடலோரமாகப் பூச்செடி, கல் பெஞ்சு, சரிவாகப் புல்வெளி. இதில் என்ன குறை சொல்லிவிடப் போகிறார் என்று நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன். "மூணு மணிக்கு மேல ஸ்கூல் பிள்ளைங்க வந்துரும். நீங்க துரத்துவீங்க. துரத்தக் கூடாது. எங்க தோட்டத்து லயத்துல வரிசையா ஒத்தை ரூமா இருக்குமே, அது மாதிரி சின்னச் சின்ன குவார்ட்டர்ஸ்ல இருக்கிற பிள்ளைங்க, அதுங்களுக்கு இது ஒண்ணுதான் விளையாடற இடம்" என்றார். குறை சொன்னதோடு நில்லாமல், நாங்கள் இன்னும் செய்யாத தப்புக்கும் சேர்த்துத் திட்டு வாங்கினோம்.

சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் நல்லதையும் அவர் சொல்லத்தான் செய்தார். எந்தச் சுவரில் காலை வெயில் எப்படி விழும், எங்கே காற்று அடங்கி ஒலிப்பதிவுக்குத் தோதாக இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தக் கட்டம் வருவதற்குள் டைரக்டர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருப்பார்.

மூன்றாம் நாள் மத்தியானம் டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கு ஒரு நாள் டைம். எனக்கு இடம் வேணும். இல்லேன்னா நீ வேணாம்" என்றார். அதற்கு முன் இரண்டு படங்களில் நான் பார்த்த இடங்கள் சரியில்லை என்று பெயராகிவிட்டது. இதுவும் போனால் அடுத்து யாரும் கூப்பிடமாட்டார்கள். திண்டுக்கல்லில் மச்சானுடைய பைப்புக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

குட்வில் எஸ்டேட் பக்கம் ஒரு கடையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். அங்கே வைத்து அக்காவிடம் கெஞ்சினேன். கெஞ்சல் என்றா சொன்னேன்? முதலில் கத்தினேன், பிறகுதான் கெஞ்சினேன்.

"அக்கா, நாளைக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதீங்க. ஒரே ஒரு நாள். நல்லதை மட்டும் பார்க்கட்டும் அந்த மனுஷன். என் பொழைப்பே இதுல இருக்கு. வீட்டுல பிள்ளை வரப்போகுது."

கிளாஸை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் கோபம் என்று நினைத்தேன்.

"சரி தம்பி. அவர்கிட்ட நான் பேசல. உங்ககிட்ட சொல்லுவேன். நீங்க அவர்கிட்ட சொல்லணும். டீக் ஹை?"

"டீக் ஹை" என்றேன். அந்த நேரத்தில் அவர் எதைக் கேட்டிருந்தாலும் டீக் ஹை சொல்லியிருப்பேன்.

மறுநாள் தெற்கே, பெயர் பெரிதாக யாருக்கும் தெரியாத ஒரு சின்னக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். கரையிலிருந்து நூறு நூற்றைம்பது அடிக்கு ஒரு மணல் திட்டு. அது முடிகிற இடத்தில் பழைய காலத்துக் கல்மேடை, படகு அணைவதற்காகக் கட்டியதாம். மேடையின் ஓரத்தில் ஜப்பான்காரன் கட்டிய பங்கர் ஒன்று ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மூன்று பக்கமும் பச்சைத் தண்ணீர். டைரக்டர் மேடையில் நடந்தார், படுத்தார், எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "நீ மனுஷன்யா!" என்றார்.

அக்கா மணலில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார். உதட்டை இறுக்கி மூடியிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

டைரக்டர் கிளம்பிப் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். "இப்ப சொல்றேன், கேட்டுக்குங்க. அஷ்டமி கழிஞ்சு மூணு நாள்தான் ஆச்சு, நீங்க பார்த்தது இன்னும் அஷ்டமித் தண்ணிதான். அஷ்டமியில கடல் மந்தம். அதிகமா ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. பௌர்ணமிக்கு அப்படி இல்ல. விடியக்காலை நல்லா இறங்கி இருக்கும், மணல் ரோடு மாதிரி தெரியும். எட்டு மணிக்கு மேல இந்தத் திட்டு முழுகிரும். பத்து மணிக்கு மேடையில உங்க இடுப்பளவுக்குப் பானி நிக்கும். சுனாமிக்கு முன்னாடி இவ்வளவு வராது. நிலம் இறங்கிப் போச்சு. ஒரு மணிக்கு மேல தண்ணி வடிஞ்சதும் எடுங்க, அஞ்சு வரைக்கும் பக்காவா எடுக்கலாம். இல்ல, நாளை மாத்துங்க. சொல்லிருவீங்கதானே?"

"சொல்லிர்றேன் அக்கா."

சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தொண்டை வரைக்கும் வந்தது. டைரக்டர் மேடையைப் படம் எடுத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். காலை வெயிலில்தான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். பௌர்ணமியை மாற்றச் சொன்னால் தயாரிப்பாளர் என் தலையையே மாற்றிவிடுவார். எட்டு மணிக்குள் முடித்துவிடலாம், கொஞ்சம் கால் நனைந்தால் என்ன, பாட்டுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நடுவில் ஒரு நாள் அக்கா சென்னைக்குப் போன் போட்டார்.

"சொல்லிட்டீங்களா தம்பி?"

"சொல்லிட்டேன் அக்கா. மத்தியானம்தான் எடுக்கிறோம்."

இதை எழுதும்போது இன்னும் காது சுடுகிறது.

பௌர்ணமி அன்று காலை ஐந்தரைக்கு அந்தக் கடற்கரையில் நின்றோம். மணல் திட்டு ரோடு மாதிரி அகலமாகக் கிடந்தது. அக்கா சும்மா பயமுறுத்தியிருக்கிறார் என்றுகூட நினைத்தேன், பாருங்கள் என் கொழுப்பை. ஜெனரேட்டரைக் கரையில் நிறுத்தி, மணல் மேல் கேபிளை இழுத்து, மேடையில் ஸ்பீக்கர், கேமரா, டிராலி எல்லாம் வைத்தாயிற்று. இருபது நடனப் பெண்கள் வெள்ளைப் பாவாடையோடு வந்து வரிசை கட்டினார்கள். முதல் ஷாட் ஆறரைக்கு என்று பேர். மேக்கப், ரிகர்சல், காற்றில் பறக்கிற துப்பட்டா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய் ஏழரையைத் தாண்டிவிட்டது. நான் பாட்டைப் பார்க்கவே இல்லை. மேடையின் பக்கவாட்டில் பாசி படிந்த ஒரு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது முழுகியது. அதற்கு மேல் இருந்த கல்லும் முழுகியது.

"கட்! கட்! யார்யா அது ஃப்ரேம்ல படகு?" டைரக்டரின் சத்தம்.

இரண்டு டிங்கிகள். அங்கே மீனவர்கள் வைத்திருக்கிற சின்ன எஞ்சின் படகைத்தான் டிங்கி என்பார்கள். முன்னால் வந்ததை அக்காவின் தம்பி ஓட்டினார். அக்கா நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"போய்த் துரத்துய்யா அதை!" என்று டைரக்டர் என்னை ஏவினார். நானும் மேடை ஓரத்துக்கு ஓடிப் போய், "அக்கா, ஷாட் போய்ட்டிருக்கு, தள்ளிப் போங்க!" என்று கத்தினேன். அந்த நேரத்திலும் கத்தினேன் என்றால் நான் எப்படிப்பட்டவன் பாருங்கள்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "பின்னால பாருங்க தம்பி" என்றார்.

திரும்பினேன். மணல் திட்டு இல்லை. நாங்கள் நடந்து வந்த இடத்தில் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. கேபிள் அதற்குள் எங்கேயோ கிடந்தது.

அதற்குப் பிறகு அங்கே டைரக்டர் அவர் இல்லை, அக்காதான். பின்னால் வந்த டிங்கியைக் கரைக்கு விரட்டி, ஜெனரேட்டரை அணைக்க வைத்தார். அதன் சத்தம் நின்றபிறகுதான் எங்களை அசையவிட்டார். "எழும்புங்க, எழும்புங்க! பொம்பளைப் பிள்ளைங்க முதல்ல! செருப்பு, நகை, எதையும் தேடாதீங்க, ஜல்தி!" ஆறு ஆறு பேராக டிங்கியில் ஏற்றினார். முழங்கால் வரை வந்துவிட்ட தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டு ஒவ்வொருத்தியாகத் தூக்கிவிட்டார். கடைசியில் ஒரு பெண் மட்டும் பங்கர் சுவரைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அலறினாள். அதற்குள் தண்ணீர் தொடை அளவு. அக்கா அவளிடம் போய், அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"கடலைப் பாக்காத. என்னையப் பாரு. உன் பேர் என்ன? எந்த ஊரு? சாப்பிட்டியா காலையில? என்ன சாப்பிட்ட?" இப்படிக் கேட்டுக் கேட்டே அவளைப் படகு வரைக்கும் நடத்தி வந்துவிட்டார்.

டிராலியும் ஸ்பீக்கரும் போயின. கேமராவை ஒருவர் தலையில் வைத்துக் காப்பாற்றினார். உயிர் ஒன்றும் போகவில்லை. பத்து மணிக்குக் கரையில் நின்று பார்த்தால் கல்மேடை இருந்த இடமே தெரியவில்லை, பங்கரின் மண்டை மட்டும் தெரிந்தது. அந்தப் பெண்களை எண்ணினேன். இருபது. இன்னொரு தடவை எண்ணினேன். எத்தனை தடவை எண்ணினேன் என்று தெரியவில்லை.

டைரக்டருக்கு நடுக்கம் நின்றதும் கோபம் வந்தது. ஈரப் பேன்ட்டோடு நேரே அக்காவிடம் போனார்.

"ஏம்மா, உங்க ஊர்க் கடல்தானே? பௌர்ணமிக்குத் தண்ணி வரும்னு சொல்லக் கூடாதா? எல்லா இடத்துக்கும் நொட்டை சொன்னீங்க, இதுக்கு மட்டும் வாயில கொழுக்கட்டையா? இனிமே எந்தக் கம்பெனியும் உங்களைக் கூப்பிடாம பண்றேன் பாருங்க!"

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, என் பக்கம் திரும்பக்கூட இல்லை. புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே நின்றார். யூனிட்டே அவரைச் சுற்றி நின்று முறைத்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் என் வேலை தப்பிக்கும். ஒரு நிமிஷம் இருக்குமா? எனக்கு ஒரு வருஷம் மாதிரி இருந்தது.

"சார், அவங்க என்கிட்ட சொன்னாங்க. மணி, அளவு, எல்லாம் சொன்னாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லல. சொல்லிட்டேன்னு அவங்ககிட்டயும் பொய் சொன்னேன். வேலை போயிரும்னு பயம் சார்."

வேலை போய்விட்டது. அங்கேயே, அந்த மணலிலேயே. விமான டிக்கெட்டும் கிடையாது, அடுத்த கப்பலில் போய்ச் சேர் என்று சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அடித்திருப்பேன்.

லாட்ஜ் வரைக்கும் என்னை ஜீப்பில் கொண்டுவிட்டது அக்காவின் தம்பி. பாதி வழியில் திடீரென்று கேட்டார். "எங்கக்காவை வாயை மூடச் சொல்லிக் கேட்டீங்களாமே?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"வேன் டிரைவர்தான் நேத்து சொன்னான், காலையில அஞ்சு மணிக்கு யூனிட் போகுதுன்னு. அதைக் கேட்டதுலேர்ந்து அக்கா உக்காரல. உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அவகிட்டக் கேக்காதீங்க. கச்சால்ல அன்னிக்கும் பௌர்ணமிதான். காலையில பூமி ஆடிச்சு. அப்புறம் கடல் உள்ள போயிருச்சு. வெறும் தரை, துள்ளுற மீனு, கலர் கலரா பவளம். அக்காதான் முதல்ல பார்த்தா. லயத்துக்கு ஓடி வந்து எல்லாரையும் கூப்பிட்டா, வந்து பாருங்க, எவ்வளவு அழகுன்னு. மச்சான் போனாரு. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் போச்சு. அக்கா மீன் அள்ள ஒரு கூடை எடுக்கலாம்னு வீட்டுக்குள்ள வந்தா. அதனாலதான் இருக்கா."

ஜீப்பை ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தேன். அப்படிப்பட்டவரைப் பார்த்துத்தான் நான் கேட்டிருக்கிறேன், ஒரு நாள் நல்லதை மட்டும் பார்க்கட்டும் என்று. என் பிள்ளைக்காக, என் வேலைக்காக, அவர் அதற்கும் சரி என்றிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்துக் கப்பல். துறைமுக வாசலில் அக்கா நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்க ராத்திரி முழுக்க வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"தம்பி, பங்க் கிளாஸ்ல கீழ்த் தட்டுல படுத்தா எஞ்சின் சூடும் டீசல் நாத்தமும் தாங்காது. கதவுப் பக்கமா மேல் படுக்கை பாருங்க. முதல் நாள் கேன்டீன்ல குழம்பு ஊத்திக்காதீங்க, வெளிய வந்துரும். மூணாம் நாள் குழாயில தண்ணி நிக்கும், பாட்டில்ல பிடிச்சு வச்சிக்குங்க."

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகரப் போனேன்.

"இருங்க. ரெண்டாம் நாள் விடியக்காலை மேல்தளத்துக்குப் போங்க. பறக்கிற மீன் கூட்டமா வரும். பாருங்க. அழகா இருக்கும்."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். இரண்டாம் நாள் விடியக்காலையில் மேல்தளத்தில் நின்றேன். மீன்கள் வந்தன. அழகாகத்தான் இருந்தது.

திண்டுக்கல்லில் மச்சான் கடையில் பிவிசி பைப்பும் எல்போவும் விற்றேன். மகள் பிறந்தாள். சினிமாக்காரர்கள் ஒருவரும் போன் எடுக்கவில்லை. நடந்த கதை கோடம்பாக்கம் முழுக்கத் தெரிந்திருந்தது. அந்தமானில் இருபது பேரைக் கொல்லப் பார்த்தவன் என்று பேர். பொய்யில்லையே, என்ன செய்ய?

நாலு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம், கடையில் கூட்டமாக இருந்த நேரம், தெரியாத நம்பரிலிருந்து போன். புதுக் கம்பெனி ஒன்றின் மேனேஜர். அந்தமானில் பழைய கோட்டை கொத்தளமெல்லாம் வருகிற ஒரு படம் எடுக்கப் போகிறார்களாம்.

"சார், அங்க ஒரு அம்மா இடம் காட்டுறாங்க. உங்க பக்கத்துலேர்ந்து யார் வர்றாங்கன்னு கேட்டாங்க, இன்னும் ஆள் போடலன்னேன். உங்க பேரைச் சொன்னாங்க. என்ன சொன்னாங்க தெரியுமா?" அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "‘சரியான முன்கோபி. எடுத்ததுக்கெல்லாம் கத்துவாரு. ஒரு தடவை வேலைக்குப் பயந்து, கடல் வர்றதை மறைச்சிட்டாரு. இருபது பிள்ளைங்க போயிருக்கும்.’ இதைக் கேட்டதும் நான் பயந்துபோய் போனை வைக்கப் போனேன் சார். ‘வைக்காதீங்க, நான் இன்னும் முடிக்கல’ன்னாங்க."

"மேல என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"‘எல்லாரும் என்னையத் திட்டிக்கிட்டு நின்னாங்க. அவர் பேசாம இருந்திருந்தா வேலை தப்பிச்சிருக்கும். பேசினாரு. அவரையே அனுப்புங்க, இனி அவர் மறைக்கமாட்டாரு’ன்னாங்க. எப்ப சார் கிளம்புறீங்க?"

கையில் பாதி வெட்டிய பைப்பு. எதிரே நாலு வாடிக்கையாளர்கள். மச்சான் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதேன்.